அடைமழையும் கனமழையும் ஒன்றா?

"ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்த அடைமழை" என்று ஒரு செய்தியில் படித்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அடைமழை என்றால் கனமழைதானா? அதை 'அடமழை' என்று எழுதலாமா? அடம் பிடித்துப் பெய்வதால்தான் அந்தப் பெயர் வந்ததா?

சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஒன்றல்ல. கனமழை என்பது எவ்வளவு பெய்தது என்பதைச் சொல்கிறது. அடைமழை எவ்வளவு நேரம், எத்தனை நாள் விடாமல் பெய்தது என்பதைச் சொல்கிறது. எழுத்தில் அடைமழைதான் சரி, அடமழை பேச்சு வழக்கு. அடம் பிடிக்கும் மழை என்பது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சொல் அங்கிருந்து வரவில்லை. இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இந்தச் சொல் தேய்ந்துகொண்டு வருவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கேட்பதில்லை, அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

சித்திரை மாதத்தில் மத்தியானம் வரை வெயில் கொளுத்தும். மூன்று மணிக்கு மேற்கே இருட்டிக்கொண்டு வரும். புழுதிக்காற்று, இடி, மின்னல், அப்புறம் தெருவே தெரியாத அளவுக்கு மழை. ஒரு மணி நேரத்தில் 8 செ.மீ. கொட்டிவிட்டு நின்றுவிடும். நாலரை மணிக்கு மறுபடி வெயில் அடிக்கும், தரையிலிருந்து ஆவி கிளம்பும். வானிலைக் கணக்குப்படி இது கனமழை. ஆனால் இதைப் பார்த்து "அடைமழை" என்று எந்த ஊர்ப் பாட்டியும் சொல்லமாட்டார். கோடைமழை என்பார், இடிமழை என்பார், "அடிச்சுப் பேஞ்சுட்டுப் போயிருச்சு" என்பார்.

அடைமழைக்கு வேறு முகம். அது வரும்போது பெரும்பாலும் ஆர்ப்பாட்டம் இருக்காது. முதல்நாளே வானம் மப்பும் மந்தாரமுமாக இருக்கும். ராத்திரி எப்போதோ ஓட்டில் சத்தம் தொடங்கும். விடியும்போது பெய்துகொண்டிருக்கும், மத்தியானமும் பெய்துகொண்டிருக்கும், விளக்கு வைக்கும்போதும் பெய்துகொண்டிருக்கும். இடையில் தூறலாக மெலியும், மறுபடி வலுக்கும். ஆனால் வெறிக்காது. இந்த 'வெறித்தல்' என்ற சொல்தான் இங்கே முக்கியம். மழை நின்று, மேகம் விலகி, வானம் வெளுத்துத் தெரிவதை "மழை வெறிச்சிருச்சு" என்கிறோம். மழை நிற்பதும் வெறிப்பதும் ஒன்றல்ல. பத்து நிமிடம் தூறல்கூட இல்லாமல் நின்றாலும் வானம் மூடியே இருந்தால் மழை இன்னும் வெறிக்கவில்லை. வெறிக்காமல் நாள் கணக்கில் நீளும் மழைதான் அடைமழை.

வினைச்சொல்லையும் கவனியுங்கள். கனமழை கொட்டும், ஊற்றும், அடிக்கும். அடைமழை பிடிக்கும். "அடைமழை பிடித்துக்கொண்டது" என்பதுதான் இயல்பான வாக்கியம். சளி பிடிப்பது போல, ஒருமுறை பிடித்தால் விடுவதற்கு நாளாகும் ஒன்றுக்கும் தமிழில் 'பிடி' என்ற வினை வரும். எங்கள் அப்பாயி முற்றத்தில் நின்று கிழக்கே ஒருமுறை பார்த்துவிட்டு, "மழ புடிச்சிருச்சு, இனி மூணு நாளைக்கு விடாது" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்ததும் முதலில் தீப்பெட்டியைத்தான் தேடுவார். அதை எடுத்து அடுப்புத் திட்டின் உள்பக்கம், சூடு படும் இடத்தில் வைப்பார். மூன்றாம் நாள் வெளியில் கிடந்த தீப்பெட்டி நமுத்துப்போய், குச்சியின் மருந்து உரசுபட்டையில் கறுப்புக் கோடாக இழுபடும், பற்றாது. உப்புச் சாடியில் உப்பு கசிந்து அடியில் தண்ணீர் நிற்கும். கொடியில் போட்ட துணி காயாமல் ஒரு வாடை வீசும். ஒரு மணி நேர மழை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தீப்பெட்டியை நமுக்க வைக்காது. அடைமழையா இல்லையா என்று தெரிய வேண்டுமானால் சமையற்கட்டுக்குள் போய்ப் பார்த்தால் போதும்.

சரி, 'அடை' எங்கிருந்து வந்தது? அடைத்தல் என்றால் மூடுதல், இடைவெளி இல்லாமல் நிரப்புதல். இந்த வேரின் குடும்பம் மிகப் பெரியது. கோழி முட்டையை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்தால் அடைகாக்கிறது. அப்படிப்பட்ட கோழி அடைகோழி. அறை அறையாக நெருங்கி ஒட்டியிருப்பது தேனடை. சாமான்கள் கால் வைக்க இடமில்லாமல் கிடந்தால் வீடு ஒரே அடைசல். இவை எல்லாவற்றிலும் இரண்டு பொருள் ஓடுவதைப் பார்க்கலாம்: நெருக்கமாக, இடைவிடாமல் இருப்பது ஒன்று. ஓர் இடத்தை விட்டு நகராமல் இருப்பது இன்னொன்று. அடைமழையில் இரண்டுமே உண்டு. அடைகோழி கூடையை விட்டு எழாதது போல, அந்த மேகமும் ஊரை விட்டு எழுவதில்லை.

மழையால் மனிதர்கள் வீட்டுக்குள் அடைந்து கிடப்பதால் அடைமழை என்று ஒரு விளக்கம் உண்டு. வானத்தையே அடைத்துக்கொண்டு பெய்வதால் என்று இன்னொன்று. பேச்சில் "வானம் அடைச்சுக்கிட்டு நிக்குது" என்று சொல்வதால் இரண்டாவதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மழைக்குப் பெயர் வைக்கிற உழவர் முதலில் வானத்தைப் பார்ப்பார், தன் வீட்டுக் கதவைப் பார்க்கமாட்டார். எப்படி வைத்துக்கொண்டாலும் 'அடை' என்பதில் 'அதிகம்' என்ற பொருள் எங்குமே இல்லை. அடைமழையைக் கனமழைக்கு மாற்றாகப் போடுகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

அடம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். 'அடைமழை' என்பதை வேகமாகச் சொல்லும்போது நடுவில் உள்ள 'டை' தன் முழு ஓசையை இழந்து 'ட' போல ஒலிக்கும். இலக்கணத்தில் இதற்கு ஐகாரக்குறுக்கம் என்று பெயர். அடைமானம் அடமானம் ஆனதும், அடைகாப்பது பேச்சில் 'அடகாப்பது' ஆவதும் இதே வழியில்தான். அடமானம் எழுத்திலும் நிலைத்துவிட்டது. அடமழை இன்னும் நிலைக்கவில்லை. கதையில் ஒரு பாத்திரம் பேசும்போது "அடமழ" என்று எழுதலாம், அழகாகவே இருக்கும். கட்டுரையிலும் செய்தியிலும் அடைமழை என்றே எழுதுங்கள். 'அடமழை' என்று கேட்ட காதுதான் அதை 'அடம்' என்ற சொல்லோடு பொருத்திப் பார்த்தது. சொல்லின் உருவம் தேய்ந்த பிறகு மக்கள் அதற்குப் புதிதாக ஒரு காரணம் கற்பிப்பது எல்லா மொழியிலும் நடப்பதுதான். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அந்த விளக்கம் உதவும், ஆனால் அதை வேர்ச்சொல்லாக எழுதிவிட வேண்டாம்.

இப்போது கனமழை. இந்தச் சொல்லுக்கு இன்றைக்கு ஓர் அளவு இருக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பதிவானால் அதைக் கனமழை என்கிறது. 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. செய்திகளில் இதையே முழு எண்ணாக்கி 7 முதல் 11 செ.மீ., 12 முதல் 20 செ.மீ., 21 செ.மீ.க்கு மேல் என்று சொல்வார்கள். 15.6 மி.மீ.க்கும் 64.4 மி.மீ.க்கும் இடைப்பட்டது மிதமான மழை.

செ.மீ. என்பது பலருக்கு வெறும் எண்ணாகவே நின்றுவிடுகிறது. 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 லிட்டர் தண்ணீர். சென்னையில் ஒரு கிரவுண்ட் என்பது 2,400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். அங்கே 7 செ.மீ. பெய்தால் விழுவது ஏறக்குறைய 15,600 லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் ஒரு தண்ணீர் லாரியைக் கொண்டுவந்து ஒரு மனையில் கவிழ்த்து, மேலும் கால் லாரிக்குச் சற்று அதிகமாகவும் ஊற்றியது போல. கனமழை என்ற படிக்கட்டில் அதுதான் முதல் படி. தெருவிலுள்ள எல்லா வீட்டுக்கும் இதே கணக்கு என்று நினைத்துப் பார்த்தால் அந்தச் சொல்லின் எடை புரியும். 'கனம்' என்ற சொல் அங்கே பொருத்தமாகத்தான் உட்கார்ந்திருக்கிறது.

இந்த 24 மணி நேரம் நள்ளிரவில் தொடங்குவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். காலை 8.30 மணிக்கு மழைமானியைப் பார்த்து, முந்தைய நாள் 8.30 முதல் பெய்ததைக் குறிப்பார்கள். அதிகாலை தொடங்கி முற்பகல் வரை 10 செ.மீ. பெய்து, அதில் பாதி 8.30-க்கு முன்னும் பாதி பின்னும் விழுந்தால், கணக்கில் அது 5 செ.மீ. 5 செ.மீ. என்று இரண்டு நாளாகப் பிரிந்துவிடும். வீட்டுக்குள் தண்ணீர் வந்திருக்கும், பதிவேட்டில் இரண்டு நாளும் மிதமான மழைதான் இருக்கும்.

எழுதுகிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். 'மிக' என்ற சொல்லுக்குப் பின் வல்லினம் மிகும், எனவே 'மிகக் கனமழை'. அடுத்தது, 'அதி கனமழை' வேறு, 'அதிக கனமழை' வேறு. முன்னது வரையறுத்த சொல், 20 செ.மீ.யைத் தாண்டும் என்று எச்சரிப்பது. பின்னதற்கு வரையறையே கிடையாது. வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல்களில் ஒரு 'க' கூடிப்போய், எச்சரிக்கையின் கூர்மை மழுங்கிவிடுகிறது. மழை எச்சரிக்கையைப் பகிரும்போது இந்த ஓரெழுத்தைப் பார்த்துவிட்டுப் பகிருங்கள்.

சரி, இரண்டு சொல்லையும் பிரித்து வைத்தது வானிலைத் துறையா? இல்லை. "ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை" என்ற பழமொழி உங்களுக்கும் தெரிந்திருக்கும். இரண்டும் ஒரே பொருள் என்றால் இந்தப் பழமொழிக்கு அர்த்தமே இல்லை. இரண்டு மாதத்துக்கும் இரண்டு விதமான மழை என்று பார்த்துப் பார்த்துச் சொன்ன கூற்று அது. தமிழ்நாட்டுக்கு ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிடைக்கிறது. பருவம் தொடங்கும் ஐப்பசியில் கீழைக்காற்று வங்கக்கடலின் ஈரத்தைக் கரைக்கு இழுத்து வந்துகொண்டே இருக்கும். நவம்பர் நடுவில் கார்த்திகை பிறக்கும்போது வங்கக்கடலில் தாழ்வு மண்டலங்களும் புயல்களும் அடிக்கடி உருவாகும். அவை கரையை நெருங்கும்போது ஓரிரு நாளில் கொட்டிவிட்டுப் போகும். எல்லா ஆண்டும் இந்த வரிசை பிசகாமல் நடக்கும் என்று சொல்ல முடியாது, ஆனாலும் வரிசை அதுதான்.

இந்த இரண்டு மழையும் ஒன்றன்மேல் ஒன்று வந்தால் என்ன ஆகும் என்பதை 2015-இல் சென்னை பார்த்தது. அந்த நவம்பரில் மட்டும் நகரத்தில் 100 செ.மீ.க்கு மேல் மழை. மண் குடித்துத் தீர்த்துவிட்டது, ஏரிகள் ததும்பி நின்றன, கிணற்றுக்குள் கையை விட்டுத் தண்ணீர் மொள்ளலாம் என்ற நிலை. அதற்கு மேல் டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. அடையாறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தது. அதே 49 செ.மீ. வறண்ட மண்ணில், காலியான ஏரிகளின் மேல் விழுந்திருந்தாலும் சேதம் இருந்திருக்கும், ஆனால் இந்த அளவுக்கு இருந்திருக்காது. மண்ணையும் ஏரியையும் நிரப்பியது பல நாள் நீடித்த மழை. நிரம்பிய இடத்தைக் கவிழ்த்தது கனமழை. இரண்டு சொல்லும் கைவசம் இருந்தால்தான் அங்கே நடந்ததைச் சரியாகச் சொல்ல முடிகிறது. 2024-இல் ஃபெஞ்சல் புயலின்போது விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 51 செ.மீ. பதிவானதும், 2015-ஐப் போலவே, கார்த்திகை நடுவில்தான்.

பழமொழி தோற்றுப்போன நாளும் உண்டு. "கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை" என்பார்கள். 2023 டிசம்பர் 17, மார்கழி முதல் நாள். அன்று காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்தது. அந்த மாவட்டத்துக்கு ஓர் ஆண்டு முழுக்கக் கிடைக்கும் சராசரி மழையை விட இது அதிகம். தாமிரபரணிக் கரை ஊர்கள் பலநாள் தண்ணீரில் கிடந்தன. இதை அடைமழை என்று யாரும் எழுதினால் அது அங்கே இருந்தவர்கள் பட்டதைக் குறைத்துச் சொல்வதாகும். அது அதி கனமழை, அந்தப் பிரிவு தொடங்கும் அளவைப் போல நான்கு மடங்குக்கு மேல்.

மறுபக்கமும் இருக்கிறது. எண்ணில் சிறிதாக இருக்கும் அடைமழை செய்யும் சேதம் யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது. நான் டெல்டாவில் வளர்ந்தவன். குறுவை அறுப்பு ஐப்பசியை ஒட்டி வரும். ஒரு வருடம் அறுத்த நெல்லைக் களத்தில் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிய அன்று ராத்திரி மழை பிடித்தது. ஆறு நாள். ஒருநாள்கூட 7 செ.மீ.யைத் தொடவில்லை. தினமும் 4 செ.மீ. போல இருக்கும். வானொலிச் செய்தியில் எங்கள் மாவட்டம் 'மிதமான மழை' பட்டியலில்தான் வந்தது. மூன்றாம் நாள் அப்பா தார்ப்பாயை ஓரமாகத் தூக்கிக் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தார். என் கையையும் பிடித்து உள்ளே விட்டார். வெளியே எலும்பு நடுங்கும் குளிர், நெல்லுக்குள் காய்ச்சல் கண்ட உடம்பு போலச் சூடு. ஈரநெல் புழுங்கும் புளித்த வாடை அடித்தது. ஐந்தாம் நாள் ஒரு பிடி அள்ளிப் பார்த்தபோது நெல்மணிகளின் நுனியில் வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. கொள்முதலுக்கு நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. வெயில் முகமே தெரியாத ஆறு நாளில் எதைக் காய வைப்பது? அப்பா ஒன்றும் பேசவில்லை. முளைத்த நெல்லைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

ஆறு நாளையும் கூட்டினால் 24 செ.மீ. வரும். அது ஒரே நாளில் பெய்திருந்தால் அதி கனமழை, தலைப்புச் செய்தி. பிரித்துப் பெய்ததால் ஒவ்வொரு நாளும் மிதம். வயல் அழுகியதும், மண்சுவர் ஊறி நான்காம் நாள் சரிந்ததும், வைக்கோல் போர் அடி வரை நனைந்து மாடுகள் பட்டினி கிடந்ததும் அந்த மிதமான மழையில்தான். 'மிதமான மழை' என்று ஒவ்வொரு நாளாகச் சொன்னால் இதில் ஒன்றும் தெரியவராது. "ஆறு நாள் அடைமழை" என்று இரண்டு சொல்லில் எங்கள் ஊர் மொத்தத்தையும் சொல்லிவிட்டது. இந்தச் சொல்லைக் கனமழைக்கு அலங்காரமாகப் பயன்படுத்தினால் நான் பதறுவதற்குக் காரணம் இதுதான்.

இலக்கியத்தில் இந்தச் சொல் எவ்வளவு பழையது என்பதை விட, இந்த மழையே எவ்வளவு துல்லியமாகப் பதிவாகியிருக்கிறது என்பது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்த நம் மரபில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை அந்தக் கூதிர் மழையில்தான் தொடங்குகிறது. வெள்ளத்தை வெறுத்த இடையர்கள் மந்தையை வேறு நிலத்துக்கு ஓட்டிப் போகிறார்கள். கொள்ளியில் கை காய்ச்சியும் தாடை நடுங்குகிறது. விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன, மரத்திலிருந்து பறவைகள் விழுகின்றன, பால் குடிக்க வரும் கன்றைப் பசு உதைத்துத் தள்ளுகிறது. கொஞ்சம் தள்ளி ஊருக்குள் வந்தால், வெயில் இல்லாததால் பொழுது தெரியாமல், பிச்சி அரும்பு மலர்ந்து மணப்பதை வைத்துப் பெண்கள் மாலை என்று அறிந்து விளக்கேற்றுகிறார்கள். வீட்டுப் புறா இரவா பகலா என்று மயங்கி, இரை தேடப் போகாமல் நிற்கிறது. மழை எத்தனை அங்குலம் என்று அதில் ஒரு வரி இல்லை. பொழுது தெரியவில்லை என்பதுதான் அளவு. அடைமழைக்கு இதை விடச் சரியான அளவுகோலை நான் பார்த்ததில்லை.

"சொற்கள் பொருள் மாறுவது இயல்புதானே, அடைமழையும் மாறிவிட்டுப் போகட்டுமே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. திருக்குறளின் 14-ஆம் குறளில், புயல் என்னும் வருவாய் குறைந்தால் உழவர் ஏர் உழமாட்டார் என்று வருகிறது. அங்கே புயல் என்றால் மழை. இன்றைக்குப் புயல் என்றால் ஊரைப் பிய்த்துப் போடும் சூறாவளி. பழம்பாடல்களில் 'மழை' என்பதே பல இடங்களில் மேகத்தைக் குறிக்கும். அந்த மாற்றங்களால் நமக்கு நட்டம் இல்லை, ஏனென்றால் மேகத்துக்கும் மழைக்கும் வேறு சொற்கள் கையில் இருந்தன. அடைமழை போனால் அந்த இடத்தில் வைக்க இன்றைய வழக்கில் வேறு சொல் இல்லை. சோனை, சோனாமாரி என்று விடாமழைக்குப் பழைய சொற்கள் உண்டு, இப்போது புழக்கத்தில் இல்லை. 'தொடர் மழை' என்று செய்தியில் எழுதுகிறார்கள். அது நீளத்தை மட்டும் சொல்கிறது. மூடிய வானத்தையும் இருண்ட பகலையும் நமுத்துப்போன தீப்பெட்டியையும் அது சொல்வதில்லை. வெறும் பெருக்கத்தைச் சொல்லவோ பெருமழை, பேய்மழை, கொட்டுமழை என்று ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

மற்றச் சொற்களையும் கேட்டிருப்பீர்கள் என்பதால் வேகமாகத் தொட்டுவிடுகிறேன். பேய்மழையில் காற்றும் சீற்றமும் சேர்ந்த அச்சம் இருக்கும். அது எச்சரிக்கைச் சொல் அல்ல, பட்டவர் சொல்லும் சொல். மாரி என்பது மழைக்குப் பொதுப்பெயர். இலங்கைத் தமிழில் அது இன்னும் பருவத்தின் பெயராக உயிரோடு இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மாரிகாலம் என்றால் நம்முடைய ஐப்பசி, கார்த்திகை, மார்கழிதான். 'சரமாரி' என்பதில் உள்ள மாரியும் அதுவே. சரம் என்றால் அம்பு, அம்பு மழை. அதனால்தான் சரமாரியாகக் கேள்வி கேட்கலாம், சரமாரியாக மழை பெய்தது என்றால் ஒரே சொல் இரண்டு முறை வந்துவிடும். மேகவெடிப்பு என்பதைக் கண்டபடி போடுகிறார்கள். ஒரு சிறு பகுதியில் ஒரு மணி நேரத்தில் 10 செ.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் அந்தப் பெயர்.

இன்னொன்று, அடைமழை ஐப்பசிக்கு மட்டும் சொந்தம் அல்ல. வால்பாறைப் பக்கம், அதிலும் சின்னக்கல்லாறு போன்ற இடங்களில், ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவம் நாள் கணக்கில் விடாமல் பெய்யும். அங்கே அடைமழைக் காலம் என்றால் அந்த மாதங்கள்தான். மாதம் இடத்துக்கு இடம் மாறும், பொருள் மாறாது.

இனி உங்கள் செய்தி வாக்கியம். "ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்த அடைமழை" தவறு. "ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்த மழை" என்றாலே போதும். அளவு 6.45 செ.மீ.யைத் தொட்டிருந்தால் கனமழை என்று எழுதலாம். "மூன்று நாளாக அடைமழை, நேற்று இரவு கனமழை" என்று ஒரே வாக்கியத்தில் இரண்டும் வரலாம், அதில் தவறில்லை. "அடைமழையில் நனைந்துகொண்டே பேருந்து நிலையம் வரை ஓடினேன்" என்றால் அன்று பல நாள் மழை பிடித்திருந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் பத்து நிமிட மழை என்றால் கொட்டும் மழையில் ஓடினேன் என்று எழுதுங்கள்.

ஒரு வாரம் முழுக்க வானம் மூடி, விடாமல் வெறும் தூறலாகப் போட்டால் அது அடைமழையா என்று யாராவது கேட்டால், எங்கள் ஊரில் அதை அடைமழை என்று சொல்லமாட்டார்கள். ஓட்டில் விழும் தண்ணீர் தாழ்வாரத்திலிருந்து கயிறாக இறங்க வேண்டும். சொட்டு சொட்டாக விழுந்தால் அது தூறல், நசநசப்பு. கயிறு அறுபடாமல் இறங்கினால் அடைமழை.